லட்சத்து எட்டில் ஒரு பங்கு

வில்லியனூர் கடைத்தெருக் கோடியில் சின்னதாக ஓர் ஆஞ்சநேயர் சந்நிதி. அதன் பீடத்தின் முன்பக்கம் ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கிறார்கள். மேலே கமிட்டிக்காரர்கள் ஒன்பது பேரின் பெயர், இன்ன கடை முதலாளி என்ற விவரத்தோடு. அதற்குக் கீழே, ‘இருபத்தேழு நட்சத்திர மாதர் எழுதிய 1,00,008 ராமநாமம் இதனுள் உள்ளது’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே வெறுங்கல்.

அந்தக் கல்லைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எண் தப்பு என்பதால் இல்லை. எண் சரி. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். சரியாக இருக்கிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் அரியாங்குப்பத்துக்காரி. பாலம் தாண்டி பஸ்ஸில் டவுனுக்குப் போய் கணக்கில் பட்டம் படிக்கத் தொடங்கி, இரண்டாம் வருஷத்தில் நிறுத்தப்பட்டவள். நிறுத்தப்பட்டவள் என்றுதான் சொல்வேன், நானாக நிற்கவில்லை. வில்லியனூரில் மளிகை மண்டி வைத்திருந்த குடும்பத்திலிருந்து வரன் வந்தது. நல்ல இடம், விட்டால் கிடைக்காது என்றார்கள். ஒரே ஒரு இடைஞ்சல், நான் பிறந்த நட்சத்திரம் மூலம்.

ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று எவனோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாதாம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் இளையவருக்கு ஆகாது. ஒரு வீட்டில் எத்தனை உறவு உண்டோ அத்தனைக்கும் ஆகாத பெண் ஒருத்தியைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்கு ஆகாத மாமனார் எந்த நட்சத்திரம் என்று மட்டும் எந்த ஜோசியரும் சொல்வதில்லை.

என் அப்பா ஜோசியரைப் பிடித்தார். பிறந்த தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டால் பூராடம் வரும். பூராடம் நூலாடாது என்பார்கள், தாலி நிற்காதாம். அதனால் இரண்டு நாள் தள்ளிப் போட்டு உத்திராடம் ஆக்கினார்கள். இரண்டு நாள் தாமதமாகப் பிறந்த அந்தப் புது ஜாதகத்தோடு நான் மண்டிக்கார வீட்டு மருமகள் ஆனேன். மாமனார் காலையில் எட்டு இட்லி சாப்பிடுவார். நான் வந்த பிறகு பத்து.

எழுபதுகளின் நடுவில், நான் அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தபோது, கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து சந்நிதி கட்ட ஆரம்பித்தார்கள். என் மாமனார்தான் தலைவர். பீடத்துக்கு அடியில் ஒரு குழி விட்டு, அதில் ராமநாமம் எழுதிய நோட்டுகளைப் போட்டு மூடி, மேலே சாமியை நிறுத்துவது என்று முடிவு. நட்சத்திரத்துக்கு ஒரு பெண்ணாக இருபத்தேழு பேர் எழுத வேண்டும். எழுதியவளே நோட்டைத் தலையில் வைத்துச் சுமந்து வந்து, தன் கையால் குழிக்குள் இறக்க வேண்டும். அடுத்தவர் இறக்கினால் பலன் இல்லை என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார்.

எத்தனை நாமம் என்பதில்தான் சண்டை. ஜவுளிக்கடைக்காரர் ஆயிரத்தெட்டு போதும் என்றார். இன்னொருவர் பத்தாயிரத்தெட்டு. மாமனாருக்கு லட்சத்தெட்டு. கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்து, “ஏம்மா, நீ கணக்கு படிச்சவதானே? எது இருபத்தேழு பேருக்கு சமமா பிரியும், சொல்லு” என்றார்.

ஏழு வருஷத்தில் என் படிப்பைக் கேட்டு அந்த வீட்டில் வந்த முதல் கேள்வி. கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்று எண்ணுக்கும் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதுதான் வரும். அதனால் மூன்றும் ஒன்பதால் வகுபடும். ஆனால் இருபத்தேழுக்கு அது போதாது. ஆயிரத்தெட்டை இருபத்தேழால் வகுத்தேன், மீதி ஒன்பது. பத்தாயிரத்தெட்டுக்கு மீதி பதினெட்டு. லட்சத்தெட்டுக்கு மீதி இல்லை. ஆசை விடாமல் பத்து லட்சத்தெட்டையும் போட்டேன், பழையபடி மீதி ஒன்பது வந்து நின்றது. அதற்குப் பிறகும் ஒன்பது, பதினெட்டு, சைபர் என்று அதே வரிசை சுற்றிச் சுற்றி வரும். நூற்றெட்டு போகும், அதை விட்டால் லட்சத்தெட்டு, அதையும் விட்டால் பத்துக் கோடியே எட்டுக்குப் போக வேண்டும்.

“லட்சத்தெட்டுதான் மாமா. ஆளுக்கு மூவாயிரத்து எழுநூத்தி நாலு.”

மாமனாருக்குத் தன் எண்ணே ஜெயித்ததில் பெருமை. “பாத்தியா, பகவான் கணக்கு” என்று தொடையைத் தட்டினார். பகவான் முறத்தைப் போட்டுவிட்டுப் போட்ட கணக்கு அது.

அன்றைக்குப் பூராவும் அந்த எண் என்னை விடவில்லை. புழுங்கல் அரிசி கழுவும்போதும் அதையே உடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று இரண்டு, மூன்று மூன்று, கடைசியில் ஒரு நானூற்று அறுபத்து மூன்று. எட்டை இருபத்தேழால் பெருக்கி, அதை நானூற்று அறுபத்து மூன்றால் பெருக்கினால் லட்சத்தெட்டு. முப்பத்திரண்டு எண்கள் அதை மீதியில்லாமல் வகுக்கும். அதை விட்டுவிட்டு மற்ற முப்பத்தொன்றையும் கூட்டினால் லட்சத்து எழுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் வரும், அந்த எண்ணையே மிஞ்சிவிடும். அப்படிப்பட்டதை மிகை எண் என்பார்கள். எல்லாருக்கும் பங்கு கொடுத்தும் தாராளமாக நிற்கிற எண். அதற்குள்ளே இருக்கிற நானூற்று அறுபத்து மூன்று நேர் எதிர். பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர யாருக்கும் மடங்காது. எதைக் கொண்டு வகுத்தாலும் மீதி வைத்துவிட்டு முறைக்கும். எனக்கு அந்த நானூற்று அறுபத்து மூன்றைத்தான் பிடித்தது.

நோட்டுக்கும் நானே திட்டம் போட்டேன். நீள நோட்டில் வரிக்கு எட்டு ராமஜெயம், ஆளுக்கு நானூற்று அறுபத்து மூன்று வரி. பக்கத்துக்கு இருபது வரி வைத்தால் இருபத்து மூன்று பக்கம் போய், இருபத்து நாலாம் பக்கத்தில் மூன்று வரி தனியாக நிற்கும். எப்படி மாற்றினாலும் ஏதாவது தனியாக நிற்கத்தான் செய்யும். பகா எண்ணைப் பக்கத்துக்குப் பக்கம் சமமாக அடுக்க முடியாது. இருபத்தேழு நோட்டுக்கும் அட்டை போட்டு, பெயர் எழுதாமல், நட்சத்திரத்தை மட்டும் என் கையால் எழுதினேன். அசுவினி முதல் ரேவதி வரை.

பிறகுதான் வேடிக்கை. ரோகிணிக்கு ஐந்து பேர், உத்திரத்துக்கு நாலு பேர் என்று கடைத்தெரு வீடுகளெல்லாம் நல்ல நட்சத்திரமாகக் கொட்டிக் கிடந்தன. ஆயில்யம், கேட்டை, மூலம் மூன்றுக்கும் ஆளே இல்லை. கடைத்தெருவில் ஒரு பெண்கூட அந்த மூன்றிலும் பிறக்கவில்லையாம்! கலியாணத்துக்காக ஒவ்வொரு வீடும் ஜாதகத்தைத் திருத்தி வைத்திருந்தது, இப்போது சாமி கேட்டால் எடுத்து நீட்ட முடியவில்லை. புகுந்த வீட்டில் எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த ஒரு கிழவி, “இனிமே யாருக்கு ஆவாதுன்னு சொல்லப் போறாங்க?” என்று ஆயில்யத்தை ஒப்புக்கொண்டாள். கேட்டைக்கும் அப்படி ஒருத்தி கிடைத்தாள். மூலம் மட்டும் இல்லை.

மூலம் நோட்டு என் மடியிலேயே இருந்தது. நான் உத்திராடத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மண்டியின் பின்கட்டில் பருப்பும் மிளகாயும் புடைக்க ஒரு பெண் வருவார். ஏரிக்கரைக் காலனியில் வீடு. நடவு இருக்கும் நாட்களில் வயலுக்கு, இல்லாத நாட்களில் எங்களிடம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அக்கா என்று கூப்பிடுவேன். யாராவது இருந்தால் கூப்பிடவே மாட்டேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவர், மூட்டையில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டாமல் படிப்பார். மூலத்துக்கு ஆள் இல்லை என்று நான் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது.

“நான் மூலந்தாம்மா” என்றார், முறத்தை நிறுத்தாமல்.

“நெசமாவா?”

“அத ஏன் கேக்குற. சாராயத்தக் குடிச்சிட்டு ஏரில வுழுந்து செத்தாரு எங்க மாமனாரு. நான் மூலத்துல பொறந்ததாலதான் வுழுந்தாராம். இருவது வருசமா ஊரே சொல்லிகினு இருக்குது. இப்ப அந்த மூலம் சாமிக்கே வேணுமாமே, குடு, எழுதறன்.”

மாமனாரிடம் கேட்டேன். கணக்குக்கு ஆள் இடிக்கிறதே என்ற கவலையில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுதட்டும். நோட்டுதானே வரப்போவுது” என்றார். அந்தப் பதிலின் அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அக்காவிடம் ஓடிப்போய் நோட்டைக் கொடுத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவி, முந்தானையில் துடைத்து, மூட்டையின் மேல் நோட்டை வைத்து எழுதுவார். சாய்ந்த, பெரிய எழுத்து. ஒரு வரி முடிந்தால் ஒரு துவரம்பருப்பை எடுத்துப் பக்கத்தில் வைப்பார், இருபது சேர்ந்தால் பக்கத்தைத் திருப்புவார். ஓரங்களில் பருப்புத் தூசி மஞ்சளாகப் படிந்திருந்தது. எல்லார் நோட்டையும் நான்தான் எண்ணிச் சரிபார்த்தேன். ஜவுளிக்கடைக்கார அம்மாள் முதல் பல பேர் நடுவில் வரி விட்டிருந்தார்கள், என் மாமியார் உட்பட; விட்டதை எழுத வைத்தேன். அக்கா நோட்டில் ஒரு நாமம் பிசகவில்லை. இருபத்து நாலாம் பக்கத்தில் அந்த மூன்று வரி, அதற்குக் கீழே வெள்ளை.

“தலைல வெச்சி எடுத்தார்றதுக்கு என் தங்கச்சிகிட்ட பொடவை ஒண்ணு எரவலு வாங்கி வெச்சிருக்கன், பச்சைல செவப்புக் கரை” என்றார். எழுதியதைவிட அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. அந்தப் படியேறி, குழிக்குள் தன் கையால் இறக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நோட்டு இறக்க நாலு நாள் இருக்கும்போது கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். அக்கா பின்கட்டிலிருந்து வந்து, கதவோரம் நின்று, மாமனாரிடம் கேட்டார்: “அன்னிக்கு நான் எந்த வரிசைல நிக்கணுங்க?”

ஜவுளிக்கடைக்காரர் மாமனாரைப் பார்த்தார். “இது வேற எழுதிச்சா?” என்றார். இது என்றார். அக்கா தலையாட்டினார். “நீ போய் வேலையப் பாரு” என்று மாமனார் சொன்னார். அவர் போன பிறகு கூச்சல் கிளம்பியது. தங்கள் வீட்டுப் பெண்களுடன் வரிசையில் காலனிக்காரி நிற்பதா, அந்த நோட்டுக்குப் பக்கத்தில் தங்கள் நோட்டு கிடப்பதா, அப்படியானால் எங்கள் வீட்டு நோட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். அக்கா புடைத்த பருப்பில் சாம்பார் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்த வாய்கள்தான் அத்தனையும்.

மூலம் நோட்டை என்ன செய்வது? கிழித்துப் பொட்டலம் மடிக்கலாம் என்றால் ராமநாமம் எழுதியிருக்கிறது, பாவம். குழிக்குள் போடலாம் என்றால் அவள் எழுதியது, தீட்டு. எழுதிய பெயருக்காகக் கிழிக்கவும் முடியாமல், எழுதிய கைக்காக வைக்கவும் முடியாமல், மாமனார் அதை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் சொருகினார். இந்தக் கூத்தை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“அவ பங்கை மிச்ச இருபத்தாறு பேருக்குப் பிரிச்சிக் குடும்மா” என்றார் என்னிடம்.

பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்கு உள்ளூர நம்பிக்கை, போகாது என்று. இருபத்தாறுக்குள் ஒரு பதின்மூன்று ஒளிந்திருக்கிறது; லட்சத்தெட்டுக்குப் பதின்மூன்று ஆகாது. ஆளுக்கு நூற்று நாற்பத்திரண்டு கொடுத்தால் பன்னிரண்டு மிஞ்சியது.

“போவாது மாமா. பன்னெண்டு நிக்குது. அத விட்டுட்டா லட்சத்துக்கே நாலு குறைச்சல், தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு. ஆளுக்கு ஒண்ணு கூட எழுதினா பதினாலு அதிகமாயிடும்.” கல் ஏற்கெனவே வெட்டியாகியிருந்தது. “இருபத்தேழு நட்சத்திரம்னு வேற கல்லுல இருக்குது. மூலத்துக்கு என்ன பண்ணுவீங்க?”

கணக்கு அவர்களை மடக்கிவிட்டது என்றே நினைத்தேன். எண்ணுக்குச் சாதி தெரியாது, அதனால் அது என் பக்கம் நிற்கும் என்று நம்பிய அசடு நான்.

“மூலம் என்னாத்துக்கு? அது ஒரு நட்சத்திரமா?” என்று மாமனார் சீறினார். “அதுல பொறந்தவ காலெடுத்து வெக்கிற வூட்டுல மாமனாரு தலை உருளும்.”

“ஏழு வருஷமா உங்க தலை உருளலியே மாமா.”

வந்துவிட்டது. நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஜவுளிக்கடைக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் பிறந்த நாள், திருத்திய ஜாதகம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். “அவங்க நோட்டு வெளிய போவணும்னா மூலத்து நோட்டு எல்லாம் வெளிய போவணும். என்னுதும்தான்” என்றேன்.

மாமனார் முகம் ஒரு நிமிஷம் வெளிறியது. கையால் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். சத்தியமாகத் தடவினார். ஆனால் நாற்பது வருஷம் மண்டி நடத்தியவர் அவர். அடுத்த நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப மூலம் நம்ம வூட்டுலயே இருக்குது.”

எனக்குப் புரியவில்லை. ஜவுளிக்கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. “உத்திராடத்துக்கு என் தங்கச்சி இருக்குதே. மூணு நாள்ல எழுதிடும்” என்றார்.

இருபத்தேழு நட்சத்திரம். ஆளுக்கு மூவாயிரத்து எழுநூற்று நாலு. மீதி இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அக்காவைக் காப்பாற்ற நான் வாயைத் திறந்தேன். அவர்களுக்குக் குறைந்திருந்த ஒன்றே ஒன்று அதுதான், அதை நானே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். ஏழு வருஷம் மூலம் என்றால் நிர்மூலம். காலனிக்காரியை வெளியே தள்ள உதவும் என்றால் அதே மூலம் மகாலட்சுமி. அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

“உன் நோட்டு அட்டைல உத்திராடத்த அடிச்சிட்டு மூலம்னு எழுதிடு” என்றார் மாமனார்.

நான் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. மூலம் என்று என் கையெழுத்தில் அட்டை போட்ட நோட்டு ஒன்று அலமாரி மேல் தட்டில் ஏற்கெனவே இருந்தது. நோட்டு இறக்கும் நாள் காலை அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். என்னுடையதைத் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டேன். மேளம் வாசிக்க, இருபத்தேழு பேரும் வரிசையாகப் போய், ஒருவர் பின் ஒருவராகக் குழிக்குள் இறக்கினோம். பருப்புத் தூசி என் விரலில் ஒட்டியது. கொத்தனார் பலகைக்கல் போட்டு மூடி சிமெண்ட் பூசினார். கல்லில் வெட்டிய எண் அந்த நிமிஷத்தில் சத்தியமாகியது.

ஒரு வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். பின்கட்டில் வைத்து அவரிடம் மெதுவாகச் சொன்னேன். எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

முறம் நின்றது. “இன்னா சொன்ன?”

மறுபடி சொன்னேன்.

“யாருக்கும் தெரியாம வெச்சியா? திருட்டுத்தனமா உள்ள பூர்றதுக்கு நான் இன்னா பூனையா?” அதுவரைக்கும் என்னிடம் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை. “என் கையால வெக்கணும்னுதான எழுதினன். ஒன் கையால வெக்கறதுக்கா எழுதினன்? அன்னிக்கு நான் நிக்கும்போது ஒனக்கு வாய் எங்க போச்சி?”

அவர் நியாயம் முழுசாக அவரிடம் இருந்தது. நான் கூடத்தில் பேசியதெல்லாம் அவர் போன பிறகு பேசியது. எங்கே நிற்கட்டும் என்று அவர் கேட்டபோது நான் நோட்டு அட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“வா” என்று எழுந்தார்.

சந்தை நாள். தெரு நிறைய ஜனம். அவர் முன்னால் நடக்க, நான் பின்னால். சந்நிதியில் இரண்டே படி. செருப்பை விட்டுவிட்டு ஏறினார். பீடத்துக் கல்லில், அந்த எண்ணின் மேல், உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றார். அர்ச்சகர் “ஏய், ஏய்” என்று ஓடி வந்தார். ஜவுளிக்கடைக்காரர் கடையிலிருந்து இறங்கினார், மாமனார் மண்டியிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டம் கூடிவிட்டது.

இந்தத் தடவை நான் வாயைத் திறந்தேன். “அக்கா எழுதின நோட்டு உள்ள இருக்குது. நான் வெச்சது அவங்களுது. என்னுது வூட்டுல இருக்குது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அக்கா என்று பத்துப் பேருக்கு நடுவில் அன்றைக்குத்தான் முதல் தடவை கூப்பிட்டேன்.

அத்தனை பேரும் அர்ச்சகரைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். சாமியைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்து சாத்தியாகிவிட்டது, அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும், பன்னிரண்டு வருஷம், சாமியை அசைக்கக் கூடாது. நோட்டை எடுக்கவும் முடியாது. எடுத்தாலோ கல்லில் இருப்பது பொய்யாகிவிடும். ஜவுளிக்கடைக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். “அந்தப் பொண்ணு பொய் சொல்லுது. படிச்ச திமிரு” என்றார். எல்லாரும் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அக்கா கையை எடுத்தார். நிதானமாகப் படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, காலனிப் பக்கம் போனார். எங்கள் மண்டிக்கு அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

பொய் என்று ஊருக்குச் சொன்ன மாமனார், வீட்டில் என்னை விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று கேட்பார்: “நெசமா சொல்லும்மா. உள்ள இருக்கறது எந்த நோட்டு?”

“ஒடைச்சி எண்ணிப் பாருங்க மாமா” என்பேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். நானும் அதையேதான் சொல்வேன்.

பன்னிரண்டு வருஷம் ஆகி, சாமியை எடுத்துவைத்து, பீடத்தைச் செப்பனிட்டார்கள். மாமனார் அப்போதும் தலைவர். தலை உருளவில்லை, வழுக்கை மட்டும். கொத்தனார் கடப்பாறையை மூடிக்கல்லின் இடுக்கில் வைத்துவிட்டு, “தொறந்து பாத்துடலாங்களா, செல்லு கில்லு அரிச்சிருக்கப் போவுது” என்று கேட்டார்.

நான் அங்கேயே நின்றிருந்தேன். மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார்.

“வேணாம். கணக்கு சரியாத்தான் இருக்குது” என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவர் பன்னிரண்டு வருஷமும் என்னை நம்பியிருக்கிறார். அக்கா நோட்டுதான் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தினம் அதைச் சுற்றி வந்திருக்கிறார், தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு தடவைகூட அக்காவைப் படியேறச் சொல்லவில்லை. தெரியாமல் செய்தார் என்றால் மன்னித்திருப்பேன்.

“சரியா இருக்குதுன்னா அவங்க பேர வெட்டுங்க மாமா. இப்பவாவது” என்றேன்.

“கல்லுல எங்கம்மா எடம் இருக்குது?” என்றார்.

அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு சாண் வெறுங்கல் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.